சீருடையைக் கழற்றிய பின் தொழில்நுட்ப வேலை: தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்கத் தேசியப் பாதுகாப்புப் படையில் சர்வர்களையும் வலையமைப்புகளையும் செயற்கைக்கோள் இணைப்புகளையும் பல ஆண்டுகள் பராமரித்த ஒருவர் வெளியே வந்து வேலை தேடும்போது, தமக்குத் திறமை போதவில்லை என்றே முதலில் அஞ்சுகிறார். டர்பனில் தொழில்நுட்பப் பணிகளுக்கு ஆளெடுக்கும் மேசையில் அமர்பவன் என்ற முறையில் நான் காண்பது வேறு. அவர்களிடம் திறமை இருக்கிறது. அதைக் காட்டும் சான்றுதான் இல்லை. ஒரு வங்கியில் வேலை பார்த்தவர் தாம் செய்ததைப் பெயர் சொல்லி விளக்கலாம், பழைய மேலாளரைத் தொலைபேசியில் பேச வைக்கலாம். படையில் இருந்தவரின் மிகச் சிறந்த வேலையோ பெரும்பாலும் இரகசியக் காப்புக்குள் இருக்கிறது. ஆகவே காட்ட இயலாத அந்த உழைப்புக்கு ஈடாகக் காட்டத்தக்க சான்றுகளை முன்கூட்டியே உண்டாக்கிக்கொள்வதுதான் இந்த மாற்றத்தின் மையப் பணி என்று நான் கருதுகிறேன்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் போன்ற நம் குடியிருப்புகளிலிருந்து படைக்குச் சென்றவர்கள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. 1970களில் டர்பன் சாலிஸ்பரித் தீவில் இந்தியர்களுக்கென்று இயங்கிய ஜல்சேனா கடற்படைப் பயிற்சித் தளத்தில் சேர்ந்தவர்கள் இன்று தாத்தாக்களாக இருக்கிறார்கள். இன்றைய இளைஞர்கள் இரண்டாண்டு இராணுவத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாகச் சேர்கிறார்கள். அவர்களில் சிலர் அந்த இரண்டாண்டோடு வெளியேறுகிறார்கள்; சிலர் சார்ஜன்ட், வாரண்ட் ஆபீசர் என்று உயர்ந்து பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து வெளியேறுகிறார்கள். கீழே சொல்வன இரு சாராருக்கும் பொருந்தும், ஆனால் நீண்ட காலம் இருந்தவர்கள் ஓய்வூதியம், மருத்துவம் பற்றிய பகுதியைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்கப் படையினருக்காக எழுதப்பட்டது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே ஸ்கில்பிரிட்ஜ் என்ற திட்டத்தின் கீழ், பணியின் கடைசி 180 நாள்கள் வரை ஒரு தனியார் நிறுவனத்தில் பயிற்சி பெற இயலும். கணினிப் பாதுகாப்புப் பணியில் இருப்போர் குறிப்பிட்ட தகுதிகளைப் பெற்றிருக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையே விதித்திருப்பதால், செக்யூரிட்டி பிளஸ் போன்ற சான்றிதழ்களோடு பலர் வெளியே வருகிறார்கள். இரகசியத் தகவலைக் கையாளும் அனுமதி (இரகசிய அனுமதி) பெற்றவர்களை ஒப்பந்த நிறுவனங்கள் தேடிப் பிடிக்கின்றன. அந்த ஏற்பாடுகளை நம்பித் திட்டமிட்டால் இங்கே ஏமாற்றமே மிஞ்சும். நம் நாட்டில் இரகசிய அனுமதிக்கு மதிப்புத் தரும் இடங்கள் குறைவு: அரசு தகவல் தொழில்நுட்ப முகமையான சீட்டா, படைக்கலக் கொள்முதல் முகமையான ஆர்ம்ஸ்கோர், அரசு ஆயுத உற்பத்தி நிறுவனமான டெனெல், அறிவியல் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். போன்றவை. அங்கும் புதிய பதவிக்கு ஏற்ப மீண்டும் சரிபார்ப்பு நடக்கும் என்று எதிர்பார்ப்பதே நல்லது. வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அதைவிட உங்கள் கை வேலையைத்தான் கேட்கும்.

வெளியேறும் முன் சேர்க்க வேண்டிய தாள்கள்

பதவி விலகல் கடிதம் கொடுத்த பிறகு ஒவ்வொரு தாளுக்கும் அலைய வேண்டியிருக்கும். அலுவலகத்துக்குள் இருக்கும்போது அதே தாள் ஒரு வாரத்தில் கிடைக்கும். பணிக்காலச் சான்று, ஒவ்வொரு பயிற்சியின் மதிப்பெண் அறிக்கை, அந்தப் பயிற்சி எத்தனை வாரம் நடந்தது, எவை கற்பிக்கப்பட்டன என்பதைக் காட்டும் இரகசியமற்ற பாடத்திட்டம், பதவி உயர்வு ஆணைகள், ஓட்டுநர் உரிமம் தொடர்பான ஆவணங்கள் ஆகியவற்றைச் சான்றளித்த நகல்களாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டத்தை நான் குறிப்பாக வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் நாட்டுத் தேசியத் தகுதிச் சட்டகத்தில் பத்து நிலைகள் இருக்கின்றன. பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் நான்காம் நிலை, டிப்ளமா ஆறாம் நிலை, இளநிலைப் பட்டம் ஏழாம் நிலை. நீங்கள் முடித்த படைப் பயிற்சி இந்தச் சட்டகத்தில் பதிவான தகுதியா, அல்லது படைக்குள் மட்டும் செல்லுபடியாகும் பயிற்சியா என்பதைப் பயிற்சிப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். பதிவானது என்றால் உங்கள் பெயரில் தேசியக் கற்போர் பதிவேட்டில் அது ஏறியிருக்கிறதா என்று அந்தச் சட்டகத்தை மேற்பார்வையிடும் சாக்வா அமைப்பின் வழியே சரிபார்க்கலாம். பதிவில்லாதது என்றாலும் வீணாகாது: முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் யூனிசா போன்ற பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கலாம், அந்த விண்ணப்பத்துக்கு அடிப்படையாக வேண்டியதே அந்தப் பாடத்திட்டம்தான். பழைய முறையில் பதிவான தொழிற்தகுதிகளில் புதிதாகச் சேர்வதற்கான கடைசி நாள் 2024 ஜூன் 30 உடன் முடிந்துவிட்டது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் 2027 ஜூன் 30க்குள் முடிக்க வேண்டும். பாதியில் நிற்கும் தகுதி ஏதேனும் உங்களிடம் இருந்தால், விலகுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

2002ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தின் 104ஆம் பிரிவும், 1982ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இரகசியத் தகவலை அனுமதியின்றி வெளியிடுவதைக் குற்றமாக்குகின்றன. சீருடையைக் கழற்றியதும் இந்தக் கடமை தீர்ந்துவிடாது. ஆனால் இதே அச்சத்தால் பலர் தம் பணியைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், "தகவல் தொழில்நுட்பப் பணிகள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதியவரை யாரும் நேர்காணலுக்கு அழைப்பதில்லை.

பொதுவாகக் கடைப்பிடிக்கத்தக்க எல்லை இது: எந்த வகைத் தொழில்நுட்பத்தைக் கையாண்டீர்கள், எத்தகைய சூழலில், எவ்வளவு பொறுப்போடு என்பதைச் சொல்லலாம். எந்தத் தளத்தில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது, அதன் முகவரித் திட்டம் என்ன, எந்த அலைவரிசை, எந்தப் பலவீனம், எந்த நடவடிக்கைக்கு உதவியது என்பவற்றைச் சொல்லவே கூடாது. தன்விவரக் குறிப்பை எழுதி முடித்ததும், விலகும் முன்பே உங்கள் பிரிவின் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டி எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். நேர்காணலில் யாராவது அந்த எல்லையைத் தாண்டிக் கேட்டால், "அந்த விவரத்தைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை, ஆனால் அதே வகைச் சிக்கலை எப்படி அணுகுவேன் என்று விளக்குகிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காக்கத் தெரிந்தவர் என்ற மதிப்பு அந்த ஒரு பதிலிலேயே வந்துவிடும்.

காட்டத்தக்க வேலையை உருவாக்குதல்

இதற்கு விலகுவதற்கு முந்தைய ஓராண்டையேனும் ஒதுக்குங்கள். பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கி, அதில் 32 ஜி.பி. நினைவகம் பொருத்தி, ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் பிராக்ஸ்மாக்ஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவினால் ஒரு சிறு நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதையும் அதற்குள் கட்டலாம். எதைக் கட்டுவது என்பதில்தான் உங்கள் அனுபவம் உதவ வேண்டும். எல்லோரும் செய்யும் ஒரு வலைத்தளத்தை நீங்களும் செய்வதில் பயன் குறைவு.

எடுத்துக்காட்டாக, காங்கோவில் ஐ.நா. அமைதிப்படையோடு இருந்த காலத்தில் செயற்கைக்கோள் இணைப்பின் வழியே வேலை பார்த்தவர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். அவர் அந்த முகாமின் வலையமைப்பை அப்படியே மீண்டும் கட்டக் கூடாது. ஆனால் எந்தச் சுரங்கத்துக்கும் எந்தப் பண்ணைக்கும் பொருந்தும் ஒரு பொதுச் சிக்கலை எடுத்துக்கொள்ளலாம்: தலைமையகம் ஒன்று, தொலைதூரக் கிளை ஒன்று, நடுவே மெதுவான இணைப்பு. இரு பக்கமும் ஓப்பன்சென்ஸ் ஃபயர்வால் வைத்து, நடுவே மறைகுறியாக்கப்பட்ட தனி இணைப்பு (வி.பி.என்.) அமைத்து, லினக்ஸின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வசதியைக் கொண்டு அதில் 600 மில்லி நொடி தாமதத்தைச் செயற்கையாக ஏற்படுத்தலாம். புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகச் சென்று திரும்பும் தரவுக்கு ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். அந்த நிலையில் கோப்புப் பகிர்வு எப்படித் தடுமாறுகிறது, கிளையிலேயே பயனர்களின் உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர் (டொமைன் கன்ட்ரோலர்) ஒன்றைத் துணையாக வைத்தால் உள்நுழைவு எவ்வளவு விரைவாகிறது, இணைப்பு அறுந்தால் எது தொடர்ந்து இயங்குகிறது என்று அளந்து எழுதுங்கள். ஜாபிக்ஸ் கொண்டு கண்காணிப்பு, வாசுஹ் கொண்டு கணினிகளின் நிகழ்வுப் பதிவேடுகளின் சேகரிப்பு, ஆன்சிபிள் கொண்டு தானியங்கி நிறுவல் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். எல்லா அமைவுக் கோப்புகளையும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் இடுங்கள். அதோடு ஒரு வரைபடமும், "இது உடைந்தபோது இப்படி மீட்டேன்" என்ற இரண்டு பக்க விளக்கமும் இருக்கட்டும்.

அந்த இரண்டு பக்கம் எந்தச் சான்றிதழையும் விட என்னைப் போன்றவர்களிடம் எடுபடும். உடைந்ததை ஒழுங்காகக் கண்டறிந்து மீட்பதுதான் படையில் நீங்கள் கற்ற முதன்மையான பாடம், அதை ஒரு வேற்று ஆள் படித்துச் சரிபார்க்கும் வடிவில் வைத்துவிட்டீர்கள்.

இன்னொரு வழியும் நம் சமூகத்திலேயே இருக்கிறது. இசிப்பிங்கோவிலோ வெருலத்திலோ உங்கள் குடும்பம் போகும் கோயிலின் அறக்கட்டளை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, ஈமச்சடங்குச் சங்கம் ஆகியவை உறுப்பினர் பட்டியலையும் நன்கொடைக் கணக்கையும் ஒரே மடிக்கணினியில் வைத்திருப்பது வழக்கம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலாக்கப்படுகிறது. கோயிலும் அதற்கு உட்பட்டதே. தகவல் அலுவலர் ஒருவரைத் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்வது, யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று வரையறுப்பது, மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒரு பிரதி வெளியிடத்தில் என்ற முறைப்படி காப்புப்பிரதி எடுப்பது, மாதம் ஒரு முறை அதை மீட்டுப் பார்ப்பது என்று இவற்றைச் செய்து கொடுங்கள். செயலாளரான அண்ணனோ அக்காவோ நிறுவனத்தின் கடிதத்தாளில் தரும் பரிந்துரை, தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்கத்தக்க சான்று. பணியில் இருக்கும்போதே வெளி வேலை செய்வதற்குப் படையின் அனுமதி தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், ஊதியமில்லாத வேலையாக இருந்தாலும்.

ஓர் எச்சரிக்கை. பயிற்சி என்ற பெயரில் பிறருடைய கணினிகளைச் சோதித்துப் பார்க்காதீர்கள். 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இணையக் குற்றச் சட்டப் பிரிவுகளின்படி, அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஒரு குற்றப் பதிவு இந்தத் துறையின் கதவை நிரந்தரமாக மூடிவிடும்.

சான்றிதழ்கள்

சான்றிதழ் உங்கள் விண்ணப்பத்தை முதல் சல்லடையைத் தாண்ட வைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். வலையமைப்புப் பக்கம் செல்பவர்களுக்குச் சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., லினக்ஸ் பக்கம் செல்பவர்களுக்கு முழுவதும் செய்முறைத் தேர்வாக நடக்கும் ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ., பாதுகாப்புப் பக்கம் செல்பவர்களுக்கு செக்யூரிட்டி பிளஸ் என்று ஒன்றை மட்டும் முதலில் எடுங்கள். இவை மூன்றுமே மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியவை என்பதால், விலகுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே எழுதி வைப்பதில் பயனில்லை. நீண்ட காலம் பாதுகாப்புப் பணியில் இருந்தவர்கள் சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வை எண்ணிப் பார்க்கலாம். அந்தச் சான்றிதழைப் பெற அதன் எட்டுப் பாடப்புலங்களில் இரண்டிலேனும் ஐந்தாண்டு அனுபவம் கேட்கப்படுகிறது, படை அனுபவமும் அதில் கணக்காகும்.

படையில் இருந்து வருபவர்களிடம் நான் காணும் உண்மையான இடைவெளி கிளவுட், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி. மூடிய வலையமைப்புகளில் வேலை பார்த்தவர்களுக்கு அமேசான், மைக்ரோசாஃப்டின் அஷூர் போன்றவற்றைத் தொடும் வாய்ப்பு அரிது. அதே சமயம் நம் நாடு இதில் பின்தங்கியதும் அன்று: அமேசானின் ஈ.சி.2 சேவை கேப் டவுனில் இருந்த குழுவால் உருவாக்கப்பட்டு 2006இல் வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட் 2019இலும், அமேசான் 2020இலும், கூகுள் 2024இலும் இங்கேயே தரவு மையப் பகுதிகளைத் திறந்தன. மாதச் செலவு எல்லை மீறினால் எச்சரிக்கும் வசதியை முதல் நாளே இயக்கிவிட்டு, இலவச வரம்புக்குள் பழகுங்கள்.

எந்த வேலை, எந்த ஊர்

சிக்னல் பிரிவில் இணைப்புகளைப் பராமரித்தவர்களுக்கு வலையமைப்புக் கண்காணிப்பு மையங்களும், கோபுரங்களையும் ஃபைபர் தடங்களையும் பராமரிக்கும் களப் பொறியாளர் வேலையும் நேராகப் பொருந்தும். ஜெனரேட்டர், மின்கலத் தொகுதி, யு.பி.எஸ். ஆகியவற்றோடு பழகியவர்கள் அதைத் தயங்காமல் முன்னே வைக்க வேண்டும். மின்வெட்டில் ஆண்டுக்கணக்காகத் தவித்த நாட்டில் அந்த அறிவுக்கு நல்ல விலை உண்டு. தணிக்கை, கட்டளை, ஒழுங்குவிதி ஆகியவற்றைக் கவனித்தவர்களுக்கு இடர் மேலாண்மையும் சட்டவிதி இணக்கப் பணியும் உகந்தவை. வாரண்ட் ஆபீசர்கள் தங்களைத் தொழில்நுட்பத் திட்ட மேலாண்மைக்குத் தகுதியானவர்களாகக் கருத மறந்துவிடுகிறார்கள்.

இணையத் தாக்குதல் போன்ற சம்பவங்களிலிருந்து மீட்கும் பணிக்கு இப்போது தேவை மிகுதி. 2021 ஜூலையில் துறைமுகங்களையும் ரயில் சரக்கையும் நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது நடந்த இணையத் தாக்குதலில் டர்பன் துறைமுகத்தின் கொள்கலன் முனையங்கள் கைமுறை வேலைக்குத் திரும்ப நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நீதித் துறையும், 2024 ஜூனில் தேசிய சுகாதார ஆய்வகச் சேவையும் மீட்புப்பணம் கேட்கும் மென்பொருளால் முடங்கின. குழப்பத்தின் நடுவே பதற்றமில்லாமல் நேரம் குறித்து, பதிவு எழுதி, கட்டளை வரிசைப்படி தகவல் தரக்கூடியவர்கள் தனியார் துறையில் குறைவு. அது உங்களுக்கு இயல்பாகவே வரும்.

டர்பனை விட்டுப் போக விரும்பாதவர்களுக்குத் துறைமுகமும் சரக்குப் போக்குவரத்தும், பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா போன்ற ஆலைகளும், உம்லாங்கா பக்கத்து அலுவலகங்களும் இருக்கின்றன. அமன்சிம்டோட்டியில் கரையேறும் மெட்டிஸ் கடலடிக் கேபிள் நம்மை மொரீஷியஸோடும் ரீயூனியனோடும் இணைக்கிறது. ஆயினும் எண்ணிக்கையில் வேலைகள் மிகுந்திருப்பது ஜோகன்னஸ்பர்க், சென்சூரியன், மிட்ரண்ட் வட்டாரத்தில்தான். இரண்டாண்டு அங்கே இருந்துவிட்டுத் திரும்பலாம் என்ற முடிவைக் குடும்பத்தோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தன்விவரக் குறிப்பும் நேர்காணலும்

படைச் சுருக்கக் குறிகள் அனைத்தையும் நீக்குங்கள். "சிக்னல் என்.சி.ஓ., தளத் தொடர்புப் பொறுப்பு" என்று எழுதினால் ஆளெடுப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "பல கட்டடங்களில் பரவியிருந்த பயனர்களுக்கான வலையமைப்பைப் பராமரித்த குழுவை வழிநடத்தினேன், ஸ்விட்ச் மாற்றம், பயனர் கணக்குகள், காப்புப்பிரதி, இரவு நேரக் கோளாறு அழைப்புகள் என் நேரடிப் பொறுப்பு" என்று எழுதினால் விளங்கும். பயனர் எண்ணிக்கையை வெளியிடலாம் என்று பாதுகாப்பு அலுவலர் சொன்னால் அதையும் சேருங்கள். குறிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

நேர்காணலில் படையினர் பெருமை முழுவதையும் தம் பிரிவுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பண்பு உயர்ந்தது. எனினும் எதிரே இருப்பவர் உங்களை மட்டும்தான் வேலைக்கு எடுக்கப்போகிறார். குழு செய்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, நீங்கள் எடுத்த முடிவு எது, ஏன் அதை எடுத்தீர்கள், வேறு எந்த வழியை விலக்கினீர்கள் என்று விரிவாகச் சொல்லுங்கள். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதை விளக்குங்கள்.

பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கும் சில நிறுவனங்கள் தொலைபேசி உதவி மேசையின் முதல் படியைத் தருவதாகச் சொல்லும். மேலே செல்லும் காலமும் வழியும் எழுத்தில் இல்லையென்றால் அதை மறுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. இரண்டாம் படி உதவிப் பணி, கண்காணிப்பு மையத்தின் பணிமுறை வேலை ஆகியவை நியாயமான தொடக்கங்கள்.

ஊதியம், ஓய்வூதியம், மருத்துவம்

தனியார் நிறுவனம் சொல்லும் தொகை பெரும்பாலும் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அதிலிருந்து உங்கள் ஓய்வூதியப் பங்கும் மருத்துவத் திட்டக் கட்டணமும் கழிந்த பிறகே கைக்கு வரும். படைக் குடியிருப்பில் இருப்பவர்கள் வாடகையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தால், உயர்வாகத் தெரிந்த ஊதியம் சில வேளைகளில் இப்போதையதைவிடக் குறைவாக இருக்கும்.

அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியில் உள்ள பணத்தை விலகும்போது ரொக்கமாக எடுக்கலாம், அல்லது அங்கீகரிக்கப்பட்ட வேறு ஓய்வூதிய நிதிக்கு மாற்றலாம். ரொக்கம் எடுக்க வேண்டாம் என்று நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, ஓய்வுக்கு முன் எடுக்கும் தொகையில் முதல் 27,500 ராண்டுக்கு மட்டுமே வரி கிடையாது. மேலே போகப் போக வரி 18 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடு வரை ஏறும். இப்போது எடுப்பது, பின்னர் ஓய்வின்போது கிடைக்கும் வரிவிலக்கையும் குறைக்கும். 2024 செப்டம்பர் 1க்குப் பிந்தைய பங்களிப்பில் மூன்றில் இரண்டு பகுதியை ஓய்வு வரை ரொக்கமாக எடுக்கவே இயலாது.

பலர் கவனிக்காமல் விடுவது மருத்துவம். படையில் இருக்கும்வரை இராணுவ மருத்துவச் சேவை உங்களையும் குடும்பத்தையும் பார்த்துக்கொள்கிறது. வெளியே வந்து 35 வயதுக்குப் பிறகு முதல் முறையாகத் தனியார் மருத்துவத் திட்டத்தில் சேர்பவருக்குத் தாமதச் சேர்க்கைக்கான கூடுதல் கட்டணம் வாழ்நாள் முழுதும் விதிக்கப்படலாம். ஆனால் மருத்துவத் திட்டச் சட்டத்தின் விதிகள், படையின் மருத்துவச் சேவையில் இருந்த ஆண்டுகளை முந்தைய காப்பீட்டுக் காலமாக ஏற்கின்றன. எனவே உங்கள் பெயரும் சார்ந்தோர் பெயரும் தேதிகளும் அடங்கிய கடிதம் ஒன்றை விலகும் முன் வாங்கிவிடுங்கள். இடைவெளி நீளும் முன் புதிய திட்டத்தில் சேருங்கள்.

பயிற்சியை முடித்து, ஒழுங்கீன விலக்கம் இல்லாமல் வெளியேறியவர்கள் 2011ஆம் ஆண்டின் முன்னாள் படையினர் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறார்கள். முன்னாள் படையினர் துறையின் தரவுத்தளத்தில் பதிவு செய்யுங்கள். கல்வி, திறன் பயிற்சி, வேலை அமர்த்தம் ஆகியவை அந்தச் சட்டம் குறிப்பிடும் நலன்களில் அடங்கும். அதற்காகக் காத்திருந்து மற்ற முயற்சிகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒப்பந்தமும் முதல் மாதங்களும்

தொழிலாளர் உறவுச் சட்டம் படையினருக்குப் பொருந்தாது என்பதால், வேலை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் பலருக்கு இருப்பதில்லை. தகுதிகாண் காலம், விலகல் அறிவிப்புக் காலம், போட்டி நிறுவனத்தில் சேரத் தடை, இரவு நேரத் தயார்நிலைக்கான ஊதியம் ஆகிய நான்கையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற சட்ட வரம்பும் மிகைநேர ஊதியமும் குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழே உள்ளவர்களுக்கே உரியவை. அனுபவமுள்ள தொழில்நுட்பர் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடுவதால், தயார்நிலை ஊதியம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் பின்னர் கேட்க இடமில்லை.

சேர்ந்த பிறகு, கட்டளைக்காகக் காத்திருக்கும் பழக்கத்தை விட வேண்டியிருக்கும். உங்களைவிட வயதில் இளையவர் குழுத் தலைவராக இருக்கலாம். அவரைப் பெயர் சொல்லி அழைப்பதும், கூட்டத்தில் அவர் கருத்தை மறுத்துப் பேசுவதும் அங்கே இயல்பு. முதல் மூன்று மாதங்களில் ஒவ்வொரு வாரமும் நீங்கள் முடித்த டிக்கெட்டுகள் (பதிவான பணிக் கோரிக்கைகள்), செய்த மாற்றங்கள், அதனால் விளைந்தது என்ன என்பதைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். தகுதிகாண் மதிப்பீட்டு நாளன்று அந்தக் குறிப்பேட்டை மேசையில் வைத்தே பேசுங்கள்.